பழைய ஸ்கேனரும் ஒரு கமராதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வார இறுதி இதழில் மாணவர் புகைப்படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் ‘கமராவில் அல்லது கைத்தொலைபேசியில் எடுத்தவை மட்டும்’ என்ற நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் திருகோணமலையில் கொமியூனிகேஷன் நடத்துகிறேன். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஸ்கேன் பண்ணும் அதே கண்ணாடியில், கடை பூட்டிய பிறகு பூவையும் இலையையும் வைத்துப் படம் எடுக்கப் பழகினேன். இப்போது அக்காவின் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் என்னைவிட நன்றாக எடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எடுத்த எருக்கலம்பூப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். கமரா பாவிக்கவில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். பிள்ளை அதற்குப் பிறகு பல நாள் கடைப்பக்கம் வரவேயில்லை.

கமரா இல்லாமல் ஒளியைக் கொண்டு படம் எடுப்பது புதிய விஷயமா? இங்கிலாந்தில் அனா அட்கின்ஸ் என்ற பெண்மணி, ரசாயனம் பூசிய தாளில் கடற்பாசிகளைப் பரப்பி வெயிலில் காட்டி எடுத்த நீலப் படங்களை 1843 இலேயே வெளியிடத் தொடங்கிவிட்டார். புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிட்டு எழுதுவதில்லை.

ஸ்கேனரிலும் ஒளி இருக்கிறது, அதைப் பதியும் உணரி இருக்கிறது. கமரா ஓரிடத்தில் நின்று எடுக்கும். இது பொருளுக்குக் கீழே வரி வரியாக நகர்ந்து எடுக்கும். அதனால்தான் கண்ணாடியில் படிந்த இலையின் நரம்பு காம்பிலிருந்து நுனிவரை ஒரே துல்லியத்தில் விழுகிறது. ஏ4 அளவு முழுவதையும் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், எடுத்தால் ஏறக்குறைய 35 மெகாபிக்சல் படம் கிடைக்கும். அப்படிப்பட்ட கமராவின் விலையைக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

சரி, எல்லா ஸ்கேனரும் இதற்கு உதவுமா என்றால், இல்லை. கணினி வயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் என்ற வகை உணரிதான் இருக்கும். கண்ணாடியோடு ஒட்டியிருப்பது மட்டும் அதில் தெளியும். சில மில்லிமீற்றர் உயர்ந்தாலே மங்கிவிடும். காகிதத்துக்கு அது போதும், பூவுக்குப் போதாது. தனி மின்கம்பி உள்ள, தடித்த, பாரமான பழைய ஸ்கேனர்களுக்குள் பெரும்பாலும் வில்லையும் (லென்ஸ்) சிசிடி என்ற வகை உணரியும் இருக்கும். கண்ணாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே இருப்பதையும் அவை காட்டும். இதழின் மடிப்புக்குள் இருக்கும் நிழலைப் பார்க்க வேண்டுமானால் அதில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பழையவற்றைத்தான் அலுவலகங்களும் பாடசாலைகளும் களஞ்சிய அறையில் போட்டுவைத்து, கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுகின்றன. புதிய விண்டோஸ் அவற்றில் பலவற்றை ஏற்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட கணினியிலோ, வியூஸ்கேன் என்ற மென்பொருளைக் கொண்டோ பல பழைய ஸ்கேனர்கள் இன்னும் வேலை செய்யும்.

எடுப்பது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். மூடியைத் திறந்துவிட்டு அறையை இருட்டாக்கினால் பின்னணி தானாகவே கறுப்பாகும். பகலென்றால் உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய சப்பாத்துப் பெட்டியைக் கவிழ்த்து மூடலாம். கண்ணாடி ஓவியம் வரைகிறவரைப்போல, முன்னால் தெரிய வேண்டியதை முதலில் வைக்க வேண்டும்; அடுக்கும்போது நாங்கள் பார்ப்பது படத்தின் முதுகைத்தான். செவ்வரத்தம்பூவை அப்படியே கவிழ்த்தால் நடுத்தண்டு நசுங்கிப்போகும். இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து, குறுக்கே ஒரு குச்சி போட்டு, பூவை நூலில் கட்டி அந்தத் தண்டு கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்க வேண்டும். நிறத்தையும் வெளிச்சத்தையும் தானாகத் திருத்தும் வசதிகளை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. தூசி பொல்லாதது: கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாக விழும்.

எங்கள் ஊரில் வைப்பதற்குப் பொருளா இல்லை! டச்பே கரையில் அலை ஒதுக்கும் சாதாளை, அறுந்த நைலோன் வலைத்துண்டு, கோணேசர் கோயிலடி வில்வ இலை, முருங்கைப்பூ. நெத்தலிக் கருவாட்டின் வெள்ளிநிறத்தை ஸ்கேனரில் பார்த்தவர்கள் அதைக் கருவாடு என்று உடனே சொல்வதில்லை. கடற்கரையில் எடுத்ததை நல்ல தண்ணீரில் அலசி மணலைப் போக்க வேண்டும். ஈரமான பொருளென்றால் கண்ணாடிமேல் தெளிவான பிளாஸ்டிக் தாள் விரித்துத்தான் வைக்க வேண்டும். உப்புநீர் உள்ளே இறங்கினால் ஸ்கேனர் போய்விடும். ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: புறாமலைத் தீவிலிருந்து சிப்பியோ முருகைக்கல்லோ எடுக்கக் கூடாது. அது 2003 முதல் தேசிய பூங்கா.

அதிபர்களும் சித்திர ஆசிரியர்களும் தங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தடித்த ஸ்கேனர் ஒன்று கிடைத்தால் இரும்புக்குக் கொடுக்காமல் சித்திர வகுப்பில் வையுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது, அந்தப் பக்கத்தில் இந்தப் படங்களுக்கும் இடம் வேண்டும். அச்சிடும்போது சுற்றியுள்ள கறுப்பை வெட்டிவிடாதீர்கள். அந்த இடத்தைப் பிள்ளைகள் யோசித்துத்தான் விட்டிருப்பார்கள். பெயருக்குக் கீழே ‘ஸ்கேனரில் எடுத்தது’ என்றும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் நடத்தும் வாசகர்,
திருகோணமலை.