அது சுனாமி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடுக்கடலில் ஒரு கப்பலின் கண்ணாடிகளை உடைத்த அலையைப் பற்றிச் சென்ற வாரம் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். தலைப்பில் ‘சுனாமி’ என்று இருந்தது. இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆழ்கடலில் சுனாமி பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட உயராது. அது கப்பலுக்கு அடியில் கடந்து போனாலும் தெரியாது. கரைப்பக்கம் ஆழம் குறையும்போதுதான் எழும்பும். நீங்கள் எழுதியது ராட்சத அலை. காற்று கிளப்பிய சாதாரண அலைகளுக்கு நடுவிலேயே திடீரென்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

ஆழ்கடலில் நீளமான அலை வேகமாகப் போகும், குட்டையான அலை மெதுவாகப் போகும். பின்னால் வருவது முன்னால் போவதை எட்டிப் பிடிக்கும்போது, பல முகடுகள் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். சில சமயம் ஒரே அலை பக்கத்து அலைகளின் சக்தியையும் இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள். எதிரே நீரோட்டம் இருந்தால் இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்தில் தென்மேற்குப் புயலின் அலைகள் வந்து மோதினால், அவை நெருங்கிச் செங்குத்தாகிவிடும்.

அங்கேதான் ஒரு விடியற்காலைக் கண்காணிப்புப் பணியில் நானும் அப்படி ஒன்றைப் பார்த்தேன். எல்லோரும் உயரத்தைத்தான் கேட்பார்கள். எனக்கு மறக்காதது அதற்கு முன்னால் வந்த பள்ளம். கப்பலின் முன்பகுதி இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஜன்னலில் வானமே இல்லை, தண்ணீர் மட்டும்தான். எங்கள் கப்பல் நிமிர்ந்துவிட்டது.

1978 டிசம்பரில் அட்லாண்டிக்கில் காணாமல்போன ‘மியூன்ஷென்’ என்ற ஜெர்மன் கப்பல் நிமிரவில்லை. 261 மீட்டர் நீளம். ஒருவர்கூடத் திரும்பவில்லை. நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் உயரத்தில் தொங்கிய உயிர்காப்புப் படகு ஒன்று பிறகு கிடைத்தது. அதைத் தாங்கிய இரும்பு முளைகள் பின்பக்கமாக வளைந்திருந்தன. அவ்வளவு உயரத்தில் அடித்தது எது?

மாலுமிகள் சொன்னதைக் கரையில் இருந்தவர்கள் வெகுகாலம் மிகைப்படுத்தல் என்றே நினைத்தார்கள். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் நார்வேயின் டிராப்னர் எரிவாயு மேடையில் இருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலையைப் பதிவு செய்த பிறகுதான் பேச்சு மாறியது. அப்போது அங்கே சுற்றியிருந்த அலைகளின் உயரம் சுமார் 12 மீட்டர்.

அந்த 12 தான் முக்கியம். அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனால்தான் ராட்சத அலை. 2020 நவம்பரில் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு மிதவை பதிவு செய்தது 17.6 மீட்டர்தான், ஆனால் சுற்றியிருந்த அலைகள் சுமார் 6 மீட்டர். ஆகவே அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் ‘ராட்சத அலை’ என்றே போடுங்கள். அலையின் உயரத்தோடு அப்போது சுற்றியிருந்த அலைகள் எவ்வளவு உயரம் இருந்தன என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரக்குக் கப்பல் அதிகாரி