நம்ம வாக்கிங் குரூப்புக்கு: வெயிலுக்கு முன்னாடி உடம்பு எடைய எவ்ளோ குறைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம். கத்திரி வெயில் மே 4 வாக்குல ஆரம்பிச்சிரும், இப்போ பிப்ரவரி கடைசி, கையில ஒம்பது வாரம் இருக்கு. நேத்து ரெண்டு மூணு பேரு "மே மாசத்துக்குள்ள 15 கிலோ"ன்னு போட்டிருந்தீங்க, படிச்சதுல இருந்து எனக்கு கவலையாவே இருக்கு, தயவுசெஞ்சு அப்படி டார்கெட் வைக்காதீங்க. வாரத்துக்கு அரை கிலோல இருந்து ஒரு கிலோ, அதுக்கு மேல வேண்டாம். வீட்டு வேலை, ஆபீஸ், பங்குனி கல்யாண விருந்துன்னு இருக்கற நமக்கு மொத்தமா நாலஞ்சு கிலோ குறைஞ்சாலே பெரிய விஷயம். 80 கிலோ இருக்கறவங்க 4 கிலோ குறைச்சா அது 5 சதவீதம், அதுக்கே சுகர், பிரஷர்ல மாற்றம் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் வாரம் ரெண்டு கிலோ சட்டுனு இறங்கலாம், அது பெரும்பாலும் தண்ணி. அடுத்த வாரம் முள்ளு நகரலன்னு மனசு விட்டு நடக்க வராம நின்னுடறாங்க, போன வருஷம் நம்ம குரூப்லயே நாலு பேரு இப்படித்தான் நின்னாங்க. தினமும் மெஷின்ல ஏறாதீங்க, ஞாயித்துக்கிழமை காலைல வெறும் வயித்துல ஒரு தடவை போதும், கூடவே இடுப்பையும் டேப்ல அளந்துக்கோங்க, ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது.

ராத்திரி சோத்துல ஒரு கரண்டி குறைச்சு பொரியல கூட்டிக்கோங்க, பட்டினி வேண்டவே வேண்டாம். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம சாப்பாட்ட குறைக்காதீங்க, லோ சுகர் ஆயிரும்.

மார்ச் ஒண்ணுல இருந்து காலைல 5:30க்கு நடை. அவங்கவங்க டார்கெட்ட எனக்கு தனியா அனுப்புங்க.