கிளிமீனைக் கடலிலேயே விட்டுவிடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூண்டிலில் சிக்கும் கிளிமீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, கடலில் விட வேண்டுமா என்று தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படித்தேன். மன்னார் வளைகுடாக் கரையில் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டுவரும் நான், விட்டுவிடுவதே முறை என்று உறுதியாகக் கருதுகிறேன்.

"சிறியதை விடு, பெரியதை எடு" என்று மற்ற மீன்களுக்கு நாம் வைத்திருக்கும் கணக்கு இதற்குப் பொருந்தாது. கிளிமீன்களில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக இருந்து, அவற்றுள் சில வளர்ந்த பிறகு ஆணாக மாறுகின்றன. நாம் ஆசையோடு படம் எடுத்துக்கொள்ளும், நீலமும் பச்சையுமாக மின்னும் பெரிய மீன் பெரும்பாலும் அப்படி மாறிய ஆண்தான். பாறையில் படியும் பாசியை அலகு போன்ற பல்லால் அதிகம் சுரண்டுவதும் அந்தப் பெரிய மீனே.

அந்தச் சுரண்டல் நம் பார்களுக்கு, அதாவது கடலடிப் பவளப் பாறைகளுக்கு, இன்று மிகவும் தேவைப்படுகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி, தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன. மடிந்த பவளத்தின்மேல் பாசி அடர்ந்துவிட்டால் புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர இடமிராது. கரீபியன் கடலில் 1983இல் பரவிய நோயால், பாசி மேய்ந்துவந்த கடல் முள்ளெலிகள் என்னும் முள் நிறைந்த உருண்டை உயிர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தபின் அந்த வேலை பெரிதும் கிளிமீன்கள்மேல் விழுந்தது; 2009இல் பெலீசு நாடு அவற்றைப் பிடிப்பதையே தடைசெய்தது.

கிளிமீன் பெருகினால் மட்டும் கடல் சூடு தணிந்துவிடாது என்பதை அறிவேன். மீன் பிடிக்கும் கூடு வைத்துப் பிழைக்கும் மீனவரையும் நான் இங்கே குறைகூறவில்லை. அது அவர்களுடைய சோறு. நமக்கோ அது ஒரு வேளைக் குழம்பு, அவ்வளவுதான்.

தூண்டில் முள்ளின் உள்கொக்கியை முன்னதாகவே இடுக்கியால் நசுக்கி வைத்தால் வாய் கிழியாமல் கழற்றலாம். ஈரக்கையால் பிடித்து, நீருக்குள் வைத்தே விடுவது நல்லது. இரவில் பாறை இடுக்கில் உறங்கும் கிளிமீனை விளக்கடித்து ஈட்டியால் குத்துவதை மட்டும் என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. தப்பியோட வழியே இல்லாத மீன் அது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி.