கல்லூரி ஃபுட்பால் கோச்சுகளே, அந்த முரட்டுப் பையனுக்கு இரண்டு வருடம் கொடுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும் ஃபுட்பால் தலைமைக் கோச்சுகளுக்கும்,

வணக்கம்.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் கல்லூரி வீரர்களுக்குப் பணம் கேட்டு நடந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்ததிலிருந்து உங்கள் பேச்செல்லாம் பணத்தைப் பற்றியே இருக்கிறது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம் என்றானது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தை நிரப்பிக் கொடுக்கிற பையன்களுக்கு இவ்வளவு காலம் ஒன்றும் தராமல் இருந்ததுதான் அநியாயம். நான் எழுத வந்தது அதே சமரசத்தில் இருக்கிற இன்னொரு எண்ணைப் பற்றி: 105.

முன்பெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பாலின் மேல்மட்டக் கல்லூரிப் பிரிவில் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் தரலாம். அதற்கு மேல் தன் செலவில் படித்துக்கொண்டு, ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேருகிற பையன்கள் உண்டு. வாக்-ஆன் என்பது இவர்கள்தான். இவர்களையும் சேர்த்தால் பெரிய அணிகளில் 120 பேரைத் தாண்டும். இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் எல்லோரையும் கூட்டி 105-க்கு மேல் இருக்கக் கூடாது. 1973-ல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. முதன்முதலாக ஃபுட்பாலுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போட்டபோதும் எண் இதே 105தான். ஆனால் அன்றைக்கு வாக்-ஆன்கள் அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தார்கள். இன்றைக்கு அவர்களும் உள்ளே. அப்படியானால் கத்தி யார் கழுத்துக்கு என்று சொல்லவா வேண்டும்?

நான் கோச் இல்லை, விளையாடியவனும் இல்லை. சனிக்கிழமை மதியம் டிவி முன்னால் உட்கார்ந்தால் பந்தை விட்டுவிட்டு லைனைப் பார்க்கிற ஒரு ரகம். இங்கிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பல உங்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் கட்டுகின்றன. நிறைய இடங்களில் மாணவர் கட்டணத்தின் ஒரு பகுதி விளையாட்டுத் துறைக்கும் போகிறது. கேள்வி கேட்க அந்த உரிமை போதும் என்று நினைக்கிறேன். எல்லா வாக்-ஆன்களுக்காகவும் நான் வாதாடப் போவதில்லை. லைன்மேன்களுக்காக மட்டும்.

இந்த ஆட்டம் பழகாத வாசகர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், கோச்சுகள் பொறுத்துக்கொள்ளவும். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவனுக்கு இரு பக்கமும் கார்டு, கோடியில் டாக்கிள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. எதிரணியின் முன்வரிசை இவர்களை உடைத்துக்கொண்டு வரப் பார்க்கும். காக்கிற வரிசை ஆஃபென்சிவ் லைன், உடைக்கிற வரிசை டிஃபென்சிவ் லைன்; இரண்டிலும் நிற்பவன்தான் லைன்மேன். ஆளுக்கு 130, 140 கிலோ. தேர் ஓடும்போது எல்லோர் கண்ணும் மேலே சாமி மீது இருக்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள். முன்வரிசைக்காரன் நிலைமை அதுதான். அவன் பெயர் ஒலிபெருக்கியில் வந்தால் பெரும்பாலும் தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

குவார்ட்டர்பேக் ஆகப்போகிற பையன் எட்டு வயதிலேயே தனிக் கோச் வைத்து எறிந்து பழகுகிறான். பதினேழு வயதில் அவன் வீடியோவைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம். லைன்மேன் அப்படி இல்லை. நெப்ராஸ்காவிலோ ஆர்க்கன்சாவிலோ ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் அவன்தான் இருப்பதிலேயே பெரிய பையன். எதிரே நிற்பவன் அவனைவிட 30 கிலோ குறைவு. சாய்ந்தாலே எதிராளி விழுந்துவிடுகிறான். அப்புறம் எதற்குக் கால் வைக்கும் முறையைக் கற்றுக்கொள்ளப் போகிறான்? அவன் வீடியோ உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. உடம்பும் அந்த வயதில் முழுதாக நின்றிருக்காது. பத்தொன்பது, இருபதில் இன்னும் 20 கிலோ ஏறும், ஒரு அங்குலம் கூடும்.

அந்தப் பையன் உங்கள் மைதானத்துக்கு வரும் முதல் வாரம் பார்க்கச் சகிக்காது. பந்து நகர்ந்ததும் முதல் அடியிலேயே நிமிர்ந்துவிடுவான். கை எதிராளியின் மார்புக்குள் போகாமல் தோளுக்கு வெளியே போய்ப் பிடிக்கும், உடனே நடுவர் மஞ்சள் கொடியை எறிவார். பின்னால் நகரச் சொன்னால் காலோடு கால் பின்னிக்கொள்ளும். அவனைத் தாழ்வான இரும்புக் கூரைக்குக் கீழே குனிந்தபடி ஓடவிடுவீர்கள், நிமிர்ந்தால் ஹெல்மெட் இடிக்கும். தாழ்ந்து போகிறவன்தான் ஜெயிப்பான் என்று ஓயாமல் கத்துவீர்கள். ஆனால் அவன் தப்பாகவே செய்தாலும், எதிரே நின்ற நான்காம் வருடத்துக்காரன் இரண்டடி பின்னால் போயிருப்பான். லைன் கோச் ஒருவர் அதைக் கவனித்துத் தலையாட்டிக்கொள்வார். கால் வைப்பதைச் சொல்லிக்கொடுக்கலாம், கை வைப்பதைச் சொல்லிக்கொடுக்கலாம். இடுப்பிலிருந்து கிளம்புகிற அந்த உந்தலை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எஸக்கியல் ஆன்சாவை மறந்துவிட்டீர்களா? கானாவின் அக்ராவில் பிறந்தவர். யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அமெரிக்கன் ஃபுட்பாலைத் தொட்டதுகூட இல்லை. கூடைப்பந்து அணிக்கு இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் வெளியே அனுப்பப்பட்டவர். தடகளத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் 2010-ல் வாக்-ஆனாக ஃபுட்பால் பக்கம் வந்தார். பாதுகாப்புக் கவசத்தை எப்படி மாட்டுவது என்பதையே அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. முதல் இரண்டு சீசனில் பெரிதாக ஒன்றுமில்லை. 2012-ல்தான் டிஃபென்சிவ் லைனில் நிலையான இடம் கிடைத்தது. அந்த சீசனில் குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய கணக்கு வெறும் 4.5 (இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). ஆனாலும் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013-ல், டெட்ராய்ட் லயன்ஸ் அவரை ஐந்தாவது ஆளாக எடுத்தது. 2015-ல் ஒரே சீசனில் 14.5 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். பலம் இருக்கிறது, பக்குவம் பிறகு வரும் என்று ஒரு கல்லூரி காத்திருந்ததன் பலன் அது. 105 பேர்தான் என்ற கணக்கோடு 2010-ல் அந்தக் கோச்சுகள் உட்கார்ந்திருந்தால், ஹெல்மெட் போடத் தெரியாத ஒருவருக்கு இடம் ஒதுக்கியிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பிராண்டன் பர்ல்ஸ்வொர்த் கதையை ஆர்க்கன்சாவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஹாரிசன் என்ற சிற்றூரிலிருந்து வாக்-ஆனாக வந்து, தடித்த கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கார்டு இடத்தில் நின்று, 1998-ல் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவர், ஆனவர். விளையாட்டுக் காலம் முடிவதற்குள் முதுகலைப் பட்டமும் வாங்கிவிட்டார். 1999 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்த பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார். வாக்-ஆனாகத் தொடங்கிய சிறந்த வீரருக்கு 2010 முதல் அவர் பெயரில்தான் விருது தருகிறீர்கள். அதை முதலில் வாங்கியவர் ஜார்ஜியா டெக்கின் சென்டர் ஷான் பெட்ஃபோர்ட். 2019-ல் மிச்சிகன் ஸ்டேட்டின் கென்னி வில்லெக்ஸ், 2020-ல் பிட்ஸ்பர்க்கின் ஜிம்மி மோரிசி. மூன்று பேரும் லைனில் நின்றவர்கள். டிசம்பரில் கோட் சூட் போட்டு விருது கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் அந்த வாசலை அடைப்பது என்ன நியாயம்?

ஜே. ஜே. வாட் கதையும் உங்களுக்குத் தெரியும். சென்ட்ரல் மிச்சிகனில் கிடைத்த ஸ்காலர்ஷிப்பை விட்டு விஸ்கான்சினுக்கு வாக்-ஆனாகப் போனார், இடையில் பீட்சா டெலிவரி செய்தார், பிறகு தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் ஆனார். அதே விஸ்கான்சினில் வாக்-ஆனாக நுழைந்த மார்க் டாஷர் 2000-ல் ஏழாம் சுற்றில் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போய்ப் பல வருடம் டாக்கிளாக நின்றார். நெப்ராஸ்காவில் தலைமைக் கோச்சுகளாக இருந்த பாப் டெவானியும் டாம் ஆஸ்போர்னும் சின்ன ஊர்ப் பையன்களை வாக்-ஆனாகச் சேர்த்து வளர்ப்பதையே ஒரு முறையாக வைத்திருந்தார்கள். அன்றைக்கு இருபது லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. ஆஸ்போர்ன் 1994, 1995, 1997 என்று மூன்று தேசியப் பட்டம் எடுத்ததில் அந்தப் பையன்களுக்குப் பங்கில்லை என்று அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற லிங்கன் நகரத்தில் நின்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "இரண்டு வருடம் சோறு போட்டு வளர்ப்போம், மூன்றாம் வருடம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டுவிட்டு இன்னொரு கல்லூரிக்குப் போய்விடுவான். அதற்கு 22 வயது ஆளையே போர்ட்டலில் எடுத்துக்கொள்கிறோம்." நியாயமான பயம்தான். ஆனால் ஸ்காலர்ஷிப் கொடுத்து எடுக்கிற நட்சத்திரப் பையனும் அதே போர்ட்டலில்தான் போகிறான், அதற்காக அவர்களை எடுப்பதை நீங்கள் நிறுத்தவில்லையே? எல்லோரும் வளர்ந்த ஆளையே வாங்குவோம் என்றால் வளர்ப்பது யார்? சின்னக் கல்லூரிகள் வளர்க்கும், பெரியவர்கள் வாங்கிக்கொள்வோம் என்ற எண்ணமாக இருந்தால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

2025 வசந்தத்தில் நீதிபதி வில்கனே இந்த இடத்தில்தான் பிரேக் போட்டார். எண்ணிக்கை வரம்பால் இடம் இழப்பவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்றார். அதனால் ஏற்கெனவே வெட்டப்பட்ட, வெட்டப்பட இருந்த பையன்கள் ஒரு தனிப் பட்டியலில் வந்தார்கள். 105 கணக்கில் அவர்கள் சேர மாட்டார்கள். நல்லது. ஆனால் அவர்களைத் திரும்பச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அதோடு அந்தப் பட்டியல் அவர்கள் படித்து முடிக்கும் வரைதான். சில வருடத்தில் அது தானாகக் காலியாகிவிடும். இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிற, ஷூ சைஸ் 15 போடுகிற ஒரு பையனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. 105-ல் ஐந்தாறு இடத்தை வாக்-ஆன் லைன்மேன்களுக்கென்று ஒதுக்குங்கள். எடுத்த பையனை முதல் ஆகஸ்டிலேயே எடை போட்டு அனுப்பாமல் இரண்டு முழு வருடம் வைத்திருங்கள். இப்போது ஸ்காலர்ஷிப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரலாம் என்று விதி மாறியிருக்கிறது, எனவே விடுதி வாடகைக்காவது ஏதாவது கொடுங்கள். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற அதே பயிற்சியை அவனும் செய்கிறான். வித்தியாசம், அவன் வீடு பணம் கட்டுகிறது. சாப்பாட்டு விஷயத்தில்கூட ஒரு காலத்தில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது நினைவிருக்கிறதா? வெறும் பேகல் (வளைய ரொட்டி) கொடுத்தால் சிற்றுண்டி, அதன் மேல் கிரீம் சீஸ் தடவினால் விதிமீறல். 130 கிலோ பையனுக்கு! 2014-ல் வாக்-ஆன்களுக்கும் சேர்த்து வரம்பில்லாத சாப்பாடு என்று மாற்றினீர்கள். அதை மாற்ற முடிந்தவர்களால் இதையும் மாற்ற முடியும்.

இன்னொன்று, இதில் சமரசமே கிடையாது. இடம் போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கிற பையன் மூச்சு முட்டினாலும் கை தூக்க மாட்டான். 2014 பிப்ரவரி 7 அன்று பெர்க்லியில் வாக்-ஆனாக வந்த டிஃபென்சிவ் லைன்மேன் டெட் ஆகூ உடற்பயிற்சியின்போது சரிந்து இறந்தார். அவருக்கு அரிவாள் செல் மரபுக்கூறு இருந்தது, கடும் உழைப்பில் ரத்தச் சிவப்பணுக்களை வளைத்துவிடக்கூடிய பரம்பரைத் தன்மை அது. பல்கலைக்கழகம் பொறுப்பை ஒப்புக்கொண்டு 47 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வழக்கை முடித்தது. 2018-ல் மேரிலாந்தில் ஜோர்டன் மக்நேர், வயது 19, ஆஃபென்சிவ் லைன்மேன், வெப்பத் தாக்கில் விழுந்து இரண்டு வாரம் கழித்து இறந்தார்; குளிர்ந்த நீர்த் தொட்டியில் அவரை இறக்கவே இல்லை என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. பெரிய உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். பயிற்சிக்குப் பழகாத பெரிய உடம்பு இன்னும் திணறும். புதிதாக வந்த பையனை மூன்றாம் வருடத்துக்காரனோடு சேர்த்து ஒரே ஓட்டப் பரீட்சை வைக்காதீர்கள். மைதான ஓரத்தில் ஐஸ் நிரப்பிய தொட்டி இல்லாத நாளில் பயிற்சியே வைக்காதீர்கள். நிறுத்து என்று மருத்துவ உதவியாளர் சொன்னால் தலைமைக் கோச்கூட மறுபேச்சு பேசக் கூடாது.

கடைசியாக, உண்மையைச் சொல்லுங்கள். ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அணியில் இடம் உண்டு என்று வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் பேசுகிறவர், அந்த இடம் எத்தனை வருடத்துக்கு என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும். பையனுக்கு வாய்ப்பே இல்லை, பெரிய ஆட்கள் இடித்துப் பழக ஒரு உடம்பு வேண்டும், அவ்வளவுதான் என்றால் அதையும் சொல்லுங்கள். அவன் வேறு கல்லூரிக்குப் போய்க்கொள்வான், அல்லது வெல்டிங் படித்து நிம்மதியாக இருப்பான்.

அடுத்த ஆகஸ்டு முகாமுக்கு 105 பேர் பட்டியலைப் போடும்போது, அதில் வாக்-ஆன் லைன்மேன்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாக வெளியிடுங்கள். வாக்-ஆன் தேர்வு என்றைக்கு என்று வகுப்பு தொடங்குவதற்கு முன்பே விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
லைனைப் பார்க்கிற ஒரு ரசிகன்