குறிப்புகள் வந்து சேர்ந்தன, எல்லோருக்கும் நன்றி

நண்பர்களே,

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் அப்புறம் நடந்ததும் உங்களுக்கே தெரியும், மறுபடி எழுதத் தெம்பில்லை. சேறு அள்ள வந்தவர்கள், சாப்பாடு கொண்டுவந்தவர்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள், ஜெனரேட்டர் தந்தவர் என எல்லோருக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். டெக்ஸாஸ் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் இருக்கும் ஜெர்மன் வம்சாவளிப் பாட்டி அவர். லைமன் வைட் கூட்டத்தைப் பற்றிக் கேட்டு நான் வருடக்கணக்கில் கடிதம் போட்டுத் தொல்லை கொடுத்தது அவருக்குத்தான். 1844இல் மார்மன் கிறிஸ்தவ சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டதும் மார்மன்களில் பெரும்பகுதி பிரிகாம் யங் என்ற தலைவர் பின்னால் போக, டெக்ஸாஸுக்குப் போகச் சொல்லி ஸ்மித்தே தனக்குக் கட்டளையிட்டார் என்று பிடிவாதமாக விஸ்கான்சினிலிருந்து சுமார் 150 பேரைக் கூட்டிக்கொண்டு தெற்கே வந்தாரே, அந்த வைட். 1848இல் மார்மன் சபை அவரை நீக்கியது, மனிதர் அசரவில்லை.

வைட்டைப் பற்றிய என் குறிப்புகள் வெள்ளத்தில் கூழாகிவிட்டதை யார் மூலமோ கேள்விப்பட்டு, நான் கேட்காமலே ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார் பாட்டி. என் பழைய கடிதங்களின் நகல், ஒவ்வொன்றுக்கும் அவர் எழுதிய பதிலின் நகல், 1858இல் இறந்த வைட்டைப் புதைத்த, அவர் கூட்டத்தின் பழைய ஊரான ஸோடியாக்கின் மயானத்துக்குப் பென்சிலால் வரைந்த வழி. தபால் செலவு எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

1846இல் உருவான ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் ஜெர்மானியர்கள் புது மண்ணோடு திணறிக்கொண்டிருந்தபோது, அடுத்த வருடம் பெடர்னேலஸ் ஆற்றங்கரையில் ஸோடியாக் என்று ஊர் போட்ட வைட்டின் ஆட்கள்தான் மாவு அரைத்தும் மரம் அறுத்தும் கொடுத்தார்கள். சும்மா இல்லை, வியாபாரம்தான், ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆலை இருப்பது பெரிய விஷயம். அந்த ஆலையையும் வெள்ளம்தான் கொண்டுபோனது, 1851இல் ஹாமில்டன் ஓடைக்கரைக்குப் பெயர்ந்துவிட்டார்கள். மணலுக்குள் புதைந்த ஆலைக்கற்கள் எங்கே கிடக்கின்றன என்று தெய்வ வெளிப்பாடு கிடைத்ததாகச் சொல்லி வைட் இடம் காட்டித் தோண்டி எடுத்ததாக, ஹாமில்டன் ஆலையைப் பின்னால் வாங்கிய நோவா ஸ்மித்விக் எழுதியிருக்கிறார். நான் இதை நம்பியதில்லை, இப்போதும் நம்பவில்லை. ஆனால் அதைக் கேலி செய்து ஒரு பத்தி வைத்திருந்தேன், எடுத்துவிடப் போகிறேன்.

பெட்டியில் இருப்பதையெல்லாம் ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டேன். வைட் பற்றிப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள், அனுப்புகிறேன். தபால் செலவைப் பற்றி நானும் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.