பயம் விட்டுப்போன றோட்டு

கைதடி,
யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் பிள்ளைகளும் சுகம் என்று வாசித்ததில் பெரிய ஆறுதல். இங்கே நாங்களும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு இன்னும் குறையவில்லை, ஆனாலும் விடிய எழும்பி முற்றம் கூட்டுவதை விடமாட்டா. மகள் வவுனியாவில் கம்பசுக்குப் போகிறாள். லீவு கிடைத்தால் பஸ்ஸில் வருவாள். அவள் வந்து இறங்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

நீ எழுதிய அந்தக் கனடா 401 பெருந்தெருக் கதைதான் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ட்றக்கில் முழு லோடோடு நீ போய்க்கொண்டிருக்க, பக்கத்து வரிசையில் வந்த கார் உனக்கு முன்னால் இருந்த இடைவெளிக்குள் பாய்ந்து, பாய்ந்த கையோடு பிறேக்கும் போட்டிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். பிறகு, “வயது போனதால் நான்தான் பயந்தவனாகிவிட்டேனா, இல்லை றோட்டுத்தான் மாறிவிட்டதா?” என்று கேட்டிருக்கிறாய். லேர்னர்ஸ் வைத்து இவ்வளவு காலம் பெடியங்களுக்கு வாகனம் பழக்குகிற எனக்கு, இந்தக் கேள்வியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

நீ பயந்தவன் ஆகவில்லை. உன் பயம் கணக்குச் சரியான பயம். 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் போய்விடும். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால், பிறேக் பிடிக்கத் தொடங்க முதலே 40 மீற்றர் முடிந்துபோகும். அதற்குப் பிறகுதான் ட்ரெயிலரின் பாரம் உன்னோடு மல்லுக்கட்டத் தொடங்கும். ஒன்ராறியோவில் பெரிய ட்ரெயிலர்களுக்கு லோடோடு சேர்த்து 63,500 கிலோ வரைக்கும் அனுமதி இருக்கிறது. அந்தப் பாரத்தை நிறுத்த எவ்வளவு நீளம் வேண்டும் என்று உனக்குத் தெரியும், காரில் வந்தவனுக்குத் தெரியாது. நீ உயிருக்காக விட்டிருந்த இடைவெளி அவனுடைய கண்ணுக்கு யாரும் பிடிக்காத வெறும் இடமாகத்தான் தெரிந்திருக்கும்.

அவன் உன்னோடு கோபப்பட்டு அப்படிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் ஆபத்து என்ற எண்ணமே அவனுக்கு வந்திருக்காது. வீட்டுக்குப் போய், கெட்டித்தனமாக ஓடி வந்தேன் என்றுகூட நினைத்திருப்பான். என்னைப் போட்டு அலைக்கழிப்பது இதுதான். முரட்டுத்தனமாக ஓடுகிறவர்களில் அநேகம் பேருக்குத் தாங்கள் முரட்டுத்தனமாக ஓடுகிறோம் என்பது தெரியவே தெரியாது. பயப்படுவது முழுக்க மற்றவனுடைய பங்காகிவிடுகிறது.

ஓலா ஸ்வென்சன் என்பவர் 1981இல் வெளியிட்ட ஓர் ஆய்வை வகுப்பில் நான் அடிக்கடி சொல்வதுண்டு. அமெரிக்க மாணவர்களையும் ஸ்வீடன் மாணவர்களையும், தங்கள் வாகனம் ஓட்டும் திறமையைக் கூட இருப்பவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார். அமெரிக்கர்களில் 93 வீதம் பேரும் ஸ்வீடன்காரரில் 69 வீதம் பேரும் தாங்கள் நடுவுக்கு மேலே என்றார்கள். ஒரு கூட்டத்தில் பாதிப் பேர்தானே நடுவுக்கு மேலே நிற்கலாம்? என் வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு, “உங்களில் யார் சுமாரான ஓட்டக்காரர்?” என்று கேட்டால் ஒரு கையும் எழும்பாது.

இன்னொன்று உன் ஊரிலேயே செய்தது. ரொறன்ரோ வைத்தியர் டொனால்ட் றெடல்மயரும் றொபேட் ரிப்ஷிறானி என்ற புள்ளியியலாளரும் 1999இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். நெரிசலில் பக்கத்து வரிசைதான் எப்போதும் கெதியாகப் போகிறது என்று ஏன் தோன்றுகிறது என்பது கேள்வி. இரண்டு வரிசையும் சராசரியில் ஒரே வேகம் போனாலும் அப்படித்தான் தோன்றுமாம். நாம் மற்றவர்களைக் கடக்கும்போது ஒரு கூட்டத்தையே சட்டென்று கடந்துவிடுகிறோம். அவர்கள் நம்மைக் கடக்கும்போது ஒவ்வொன்றாக, ஆறுதலாகக் கடக்கிறார்கள். ஆகவே பின்தங்கி நிற்கிற நேரம் கூட. அத்தோடு நாம் கடந்த வாகனம் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும், நம்மைக் கடந்த வாகனம் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும். உனக்கு முன்னால் பாய்ந்தவனுக்கும், தான் ஏதோ இழந்துகொண்டிருப்பதாகவே தோன்றியிருக்கும். ஒன்றும் இழந்திருக்கமாட்டான்.

சரி, இனி எங்கள் றோட்டுக்கு வருகிறேன்.

2002இல் சண்டை நிறுத்தத்தோடு பாதை திறந்தபோது நாமிருவரும் பஸ்ஸில் வவுனியா போனது உனக்கு ஞாபகம் இருக்கும். தார் பெயர்ந்து, குழியும் கிடங்குமாகக் கிடந்தது ஏ9, எங்கள் யாழ்ப்பாணம்–கண்டி வீதி. இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். ஒன்றுக்குப் போகக்கூட றோட்டை விட்டு இறங்கப் பயந்தோம். ஒரு வாகனமும் ஓடவில்லை, ஊர்ந்தது. 2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் பூட்டுப்பட்டு, சண்டை முடிந்த பிறகு திறந்து, அகட்டி, வழுவழுவென்று தார்க் காப்பெற் போட்டார்கள். இப்போது பரந்தனிலிருந்து மாங்குளம் பக்கம் போனால் கண்ணெட்டும் தூரத்துக்கு நேர்கோடாகக் கிடக்கிறது. ஆனையிறவில் கடலேரிக் காற்று கண்ணாடியில் அடிக்க, 90 போவது 60 போவதுபோல் இருக்கும். றோட்டோடு சேர்ந்து எங்களுக்கும் பயம் விட்டுப்போயிற்று.

குழி றோட்டு நல்லது என்று சொல்லவரவில்லை. அம்புலன்ஸ் ஓடுவதும், மரக்கறி வாடாமல் தம்புள்ளைக்குப் போவதும் இந்தக் காப்பெற்றால்தான். ஆனால் றோட்டு நல்லதானால் ஆபத்துக் குறையும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். பயம் போனால் கவனமும் போய்விடும் என்பதை யோசிக்கவில்லை. ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3ஆம் திகதி, நாடு முழுவதும் இடப்பக்கம் ஓடியவர்களை ஒரே நாளில் வலப்பக்கம் மாற்றினார்கள். பெரிய அழிவு வரும் என்று பயந்தவர்கள் பலர். விபத்துகள் குறைந்தன. எல்லோரும் பயந்து, பார்த்துப் பார்த்து ஓடியதால் குறைந்தன. பழகிய பிறகு, இரண்டு வருடத்துக்குள் பழைய நிலைமைக்கே வந்துவிட்டன. நீயும் கனடா போன புதிதில், வலப்பக்கம் ஓடிப் பழகும்வரை, ஒவ்வொரு சந்தியிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனதாக எழுதியிருந்தாய். உன் வாழ்க்கையிலேயே நீ மிகக் கவனமாக ஓடிய காலம் அதுவாகத்தான் இருக்கும்.

401இல் எல்லோரும் ஒரே பக்கம்தான் போகிறார்கள், எதிரில் வருகிறவர்களை நடுவில் மதிலோ புல்தரையோ வைத்துப் பிரித்திருக்கிறது. ஏ9இல் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. முந்த வேண்டும் என்றால் எதிரே வருகிறவனுடைய பக்கத்துக்குத்தான் போக வேண்டும். அதே றோட்டில் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளைகள், சாவகச்சேரிச் சந்தைக்குத் தேங்காய் கட்டிக்கொண்டு போகிறவர்கள், பின்லைற் இல்லாத உழவு இயந்திரம், இரவில் தார்ச்சூட்டுக்கு நடுறோட்டில் வந்து படுக்கிற கட்டாக்காலி மாடுகள். அறுவடைக் காலத்தில் கிளிநொச்சிப் பக்கம் றோட்டோரத்தில் நெல்லும் காயும். இத்தனைக்கும் நடுவில் ஹயஸ் வான் ஒன்று டிப்பரை முந்த, அந்த வானைப் பஸ் முந்த, எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர் மண்ணுக்குள் இறங்க வேண்டியதுதான். அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்வதுமில்லை. அவர் இறங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, மச்சான். கோபத்தில் கை காட்டிப் பேசுகிறவனைவிட, ஒரு கோபமும் இல்லாமல் இன்னொருவரைப் புழுதிக்குள் இறக்கிவிட்டுப் போகிறவன் எனக்குப் பயங்கரமானவனாகத் தெரிகிறான்.

லைற் அடிப்பதையும் சொல்லவேண்டும். உன் பக்கத்தில் லைற்றை வெட்டி அடித்தால் “நீ போ” என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே “நான் வருகிறேன், நீ நில்” என்று அர்த்தம். முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று எச்சரிக்கவும் அதே லைற்றைத்தான் அடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வாகனம் எடுத்து ஓடுகிற எங்கள் ஆட்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தனியார் பஸ் ஓட்டுகிற ஒரு தம்பி என்னிடம் பழகியவன். நல்ல பெடியன், குடி கிடையாது. ஏன் இப்படி ஓடுகிறாய் என்று ஒருநாள் இருத்தி வைத்துக் கேட்டேன். “அண்ணை, முன்னுக்குப் போற பஸ் என்ர சனத்தை ஏத்திக்கொண்டு போயிடும். பின்னுக்கு வாறவன் ஐஞ்சு நிமிசத்தில பிடிச்சிடுவான். கலெக்சன் இல்லாட்டி எனக்குக் காசில்லை” என்றான். டிப்பர்க்காரருக்கும் இதே கதை, எத்தனை நடை மண் பறிக்கிறார்களோ அத்தனைக்குத்தான் காசு. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று நிரந்தரச் சம்பளம் இருந்திருந்தால் அந்தத் தம்பி இப்படி ஓடமாட்டான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதுவது வேண்டும்தான். ஆனால் அவசரத்தைச் சம்பளத்துக்குள்ளேயே வைத்துவிட்டுத் தண்டத்தால் மட்டும் அதை எடுத்துவிட முடியாது.

உங்கள் ஒன்ராறியோச் சட்டத்தைக் கேட்டால் எனக்கு ஆசையாக இருக்கிறது. வேக எல்லைக்கு மேலே 50 கிலோமீற்றர் கூட ஓடினால் அந்த இடத்திலேயே 30 நாளுக்கு அனுமதிப்பத்திரமும் 14 நாளுக்கு வாகனமும் போய்விடுமே. இங்கே காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70 என்று சட்டம் இருக்கிறது. எங்கே மறிப்பார்கள் என்பது ஓடுகிறவர்களுக்குப் பாடம். அந்த இடம் தாண்டினால் கால் தானாகவே அழுத்தும். மரத்துக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர் நிற்பதைவிட, சந்திக்குச் சந்தி கமரா வைத்து எல்லோரையும் ஒரேமாதிரி பிடித்தால் ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு ஓடி என்ன மிச்சம் என்று நீயே கணக்குப் பார். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 65 கிலோமீற்றர். ஒரு தடையும் இல்லாமல் 70இல் போனால் 56 நிமிடம், 90இல் போனால் 43. கொடிகாமம், பளை எல்லாம் வேகம் குறைத்துப் போகவேண்டும் என்பதால் உண்மையில் மிச்சம் பத்து நிமிடம்கூட வராது. அந்தப் பத்து நிமிடத்துக்காக வாகனத்தின் மோதும் பலம் ஒன்றரை மடங்குக்கு மேலே ஏறுகிறது. சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு வீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் றோட்டில் சாகிறார்கள்.

இப்போது பழக வருகிறவர்களுக்கு நான் ஒரு புது வேலை வைத்திருக்கிறேன். ஸ்ரியறிங்கைத் தொட முதல் அவர்களை ஏ9 ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, கொஞ்ச நேரம் சும்மா நிற்கச் சொல்கிறேன். முடிந்தால் ஒரு சைக்கிளையும் கையில் பிடித்துக்கொண்டு. டிப்பர் ஒன்று 70இல் போனாலே அந்தக் காற்று ஆளை ஒரு அடி தள்ளும். உள்ளே இருக்கும்போது ஏசியும் பாட்டுமாக வேகம் தெரிவதில்லை. வெளியே நின்றால் நெஞ்சுக்குள் தெரியும். போன மாதம் வந்த ஒரு பிள்ளை, “சேர், எங்கட அம்மா ஒவ்வொரு நாளும் இதிலதான் ஸ்கூட்டியில போறவ” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாள். அவளுக்கு நான் வேறொன்றும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை. ஒரு றோட்டு பாதுகாப்பானதா என்று ஓட்டுகிறவனிடம் கேட்கக்கூடாது, அந்த அம்மாவிடம்தான் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

உனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். இடைவெளிக்குள் ஒருவன் புகுந்தால் திரும்பவும் பின்வாங்கி இடைவெளி விடு. இன்னொருவன் புகுவான், அவனுக்கும் விடு. உன் ட்றக்குக்கு 105இல் வேகம் கட்டுப்பட்டிருக்கிறது, போட்டிக்குப் போக நினைத்தாலும் முடியாது. நடந்ததை உன் கொம்பனியில் சொல்லி, முன்னுக்குக் கமரா இல்லாவிட்டால் பூட்டச் சொல். கை நடுங்குவது நிற்கவில்லை என்றால் டொக்ரரிடம் போ. கூச்சப்படாதே.

அப்புறம், நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு வாகனம் எடுத்து இரவோடு இரவாக ஓடிவரும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விடு. அவ்வளவு நேரம் பிளேனில் இருந்துவிட்டு விடிய விடிய ஓடக்கூடாது. கொழும்பில் ஒரு இரவு படுத்தெழும்பி, காலையில் ரயிலில் வா. இல்லாவிட்டால் நான் வானோடு வருகிறேன். பகலில், ஆறுதலாக, முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு வரலாம். ரிக்கற் போட்டதும் திகதியை எழுது, வகுப்புகளை அதற்கேற்ப மாற்றவேண்டும். அம்மா உனக்கு ஒடியல்மா எடுத்து வைக்கிறா. வேறென்ன கொண்டுபோகப் போகிறாய் என்றும் கேட்கச் சொன்னா.

அன்புடன்,
உன் மச்சான்