‘யு’ சான்றிதழ் போதாது, டீச்சரும் பார்த்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பள்ளிகளில் படம் காட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடவே ஒரு பெட்டியில் பத்துப் படங்களின் பெயர்களும் போட்டிருந்தீர்கள். அதில் ஏழு படங்களை நானே காட்டியிருக்கிறேன், பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. என் கவலை வேறு. அந்தப் பெட்டியைக் கத்தரித்து ஆசிரியர் அறை பீரோவில் ஒட்டிவைப்போம். அப்புறம் மழை பெய்து பிள்ளைகளை வெளியே விட முடியாத ஒரு நாளில், அதில் கைக்கு அகப்பட்டதைப் போட்டுவிடுவோம். நானும் அப்படிப் போட்டவள்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். 6, 7, 8 மூன்று வகுப்பும் சேர்ந்தால் எழுபது பிள்ளைகள். சில வருடங்களுக்கு முன், அரையாண்டுத் தேர்வு முடிந்த கடைசி நாள். அன்றைக்குப் பாடம் நடத்தவும் முடியாது, சும்மா உட்கார வைக்கவும் முடியாது. பெரிய வகுப்பறையின் ஜன்னல்களில் பழைய சேலைகளைக் கட்டி இருட்டாக்கி, அந்த வருடம் நன்றாக ஓடிய ஒரு குடும்பப் படத்தைப் போட்டோம். ‘யு’ சான்றிதழ் பெற்ற படம். வெட்டு குத்து கிடையாது, ஆபாசம் கிடையாது. வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே நான் பாதி பார்த்த படம்.

நான் பார்க்காத பாதியில் ஒரு பெண் பார்க்கும் காட்சி வந்தது. காப்பித் தட்டோடு குண்டாக, கறுப்பாக ஒரு பெண் வருகிறாள். மாப்பிள்ளையின் நண்பன் மயங்கி விழுகிறான், அவளை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன். சிரித்துக்கொண்டே ஐந்தாறு தலைகள் மூன்றாவது பெஞ்ச் பக்கம் திரும்பின. அங்கே இருந்த ஏழாம் வகுப்புப் பெண்ணும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது அந்தப் பெண்ணுக்குப் புதுப் பெயர் வந்திருந்தது. எட்டாம் வகுப்பு முடிகிற வரை அது போகவில்லை. டிசி வாங்க வந்த அன்று அவள் அம்மா, “இந்தப் பேரை யாரு டீச்சர் வச்சது?” என்று கேட்டார். பையன்கள் ஏதோ விளையாட்டுக்குச் சொல்வார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

‘யு’ என்றால் எல்லோரும் பார்க்கலாம் என்றுதான் பொருள். அது பிள்ளைகளுக்காக எடுத்த படம் என்று ஆகிவிடாது. தணிக்கையில் ரத்தம், ஆபாசம், போதை இதெல்லாம் கண்ணில் படும். மூன்றாவது பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 2023இல் சட்டத்தைத் திருத்தி பெரியவர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற ‘யு/ஏ’ சான்றிதழை வயதுப்படி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நடுநிலைப்பள்ளிக்காரிக்கு அதிலும் சிக்கல் உண்டு. 13 வயது என்கிற கோடு என் எட்டாம் வகுப்புக்கு நடுவில் போகிறது. ஒரே பெஞ்சில் பன்னிரண்டும் பதின்மூன்றும் தோளில் கை போட்டு உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியானால் பிள்ளைகள் மனம் நோகும் சோகப் படமே கூடாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை. 2022இல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்காகச் சிறார் திரைப்பட விழா தொடங்கியபோது காட்டிய படங்களில் சாப்ளினின் ‘தி கிட்’டும் ஒன்று. 1921இல் வந்த மௌனப் படம். நூறு வருடத்துப் பழைய கறுப்பு வெள்ளையை இந்தக் காலப் பிள்ளைகள் பார்ப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். பார்த்தார்கள். சாப்ளின் எடுத்து வளர்க்கிற பையன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைப்பதும், சாப்ளின் கண்ணாடி மாட்ட வந்தவன் மாதிரி பின்னாலேயே வந்து நிற்பதும் வந்தபோது கூரை பறந்தது.

அதே படத்தில் அநாதை இல்லத்துக்காரர்கள் அந்தப் பையனைப் பிடுங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றுகிற காட்சி இருக்கிறது. அவன் இரண்டு கையையும் நீட்டி அழுவான். என் வகுப்பில் ஒரு பையன் ஆச்சியிடம் வளர்கிறான். அம்மா அப்பா இருவரும் திருப்பூரில் வேலை. படத்தை முதல் நாள் ராத்திரியே முழுவதும் பார்த்திருந்ததால் அந்தக் காட்சி வருமுன் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுதான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கண்ணாடி உடைக்கிறத மட்டும் திரும்பப் போடுங்க டீச்சர்” என்றான். அவனுக்கு அந்தப் படம் கெடுதல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவனுடைய அம்மா இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தால் அதைப் போட்டிருக்க மாட்டேன். அடுத்த வருடத்துக்குத் தள்ளியிருப்பேன்.

கருத்துப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் ஒழிப்பு, போதை ஒழிப்பு என்று பெயர் பார்த்தே படம் எடுத்து வைக்கிறோம். பிள்ளைகளுக்கு மூக்கு நீளம், பத்தாவது நிமிடத்தில் இது பாடம் என்று தெரிந்துகொள்வார்கள். அப்புறம் முன்னால் இருப்பவன் முதுகில் பேனாவால் கிறுக்குவதுதான். படம் முடிந்ததும் ‘இந்தப் படத்தால் நாம் அறியும் நீதி யாது?’ என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிற வழக்கமும் நம்மை விட்டுப் போகவில்லை. நான் இப்போது எங்கே சிரிப்பு வந்தது, எங்கே அலுத்துப்போய் ‘போ’ என்று ஆனது, இந்த இரண்டை மட்டும்தான் கேட்கிறேன். வாய் மூடவே மாட்டேன் என்கிறார்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். ஒரு பீரியட் 40 நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்தை மூன்று நாளாக வெட்டிக் காட்டினால் மூன்றாவது நாள் பாதிப் பேருக்கு முதல் நாள் கதை மறந்திருக்கும். மறக்காத மீதிப் பேர் வீட்டில் போனில் முடிவைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் எனக்குப் பிடித்தது ‘தி ரெட் பலூன்’ என்ற பிரெஞ்சுப் படம். 1956இல் வந்தது, 34 நிமிடம், ஒரு பீரியடுக்குள் அடங்கும். பேச்சும் மிகக் குறைவு, மொழித் தொல்லை இல்லை. பாரிஸ் தெருக்களில் ஒரு சிவப்பு பலூன் ஒரு சிறுவனை நாய்க்குட்டி மாதிரி பின்தொடர்ந்து வரும். பொறாமைப்பட்ட பையன்கள் உண்டிவில்லால் அதை அடித்து வீழ்த்துவார்கள். பலூன் மெல்ல மெல்லச் சுருங்கும்போது வகுப்பில் மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்டது. எங்கள் எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் பையிலேயே உண்டிவில் இருந்தது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

பேச்சு அதிகமுள்ள அயல்மொழிப் படம் என்றால் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை ஆறாம் வகுப்புப் பிள்ளையால் பிடிக்க முடியாது. நானே நின்று தமிழில் சொல்லிவிடுகிறேன். மௌனப் பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வாராம், அந்த வேலைதான். தொண்டை கட்டும், ஆனால் நன்றாக இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். படத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. பள்ளிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி கல்வி வேலையின் பகுதியாகக் காட்டுவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இடம் கொடுக்கிறது. அதற்காக யாரோ போனில் அனுப்பிய திருட்டுப் பிரதியைப் போடலாம் என்று அர்த்தமில்லை. ஒரு தடவை அப்படிப் போட்டதில், படத்தின் நடுவில் ஒரு சூதாட்ட ஆப் விளம்பரம் திரையின் குறுக்கே நீந்திக்கொண்டு போனது. கதையை மறந்துவிட்டு அந்த ஆப்பின் பெயரை மட்டும் சரியாகச் சொன்னான் ஒருவன்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு படத்துக்கும் நேரம், மொழி, பேச்சு கூடுதலா குறைவா என்பதை எழுதுங்கள். அப்பா குடித்துவிட்டு அடிக்கிற காட்சி, யாராவது சாகிற காட்சி, உருவத்தைக் கேலி செய்கிற காட்சி இருந்தால் அது எத்தனையாவது நிமிடம் என்று ஒரு வரி போடுங்கள். நீதி வேண்டாம். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பார்த்துவிட்டுக் காட்டுகிறோம்.

கடைசியாக, உங்கள் பட்டியலில் இருந்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ பற்றி. 1997இல் வந்த ஈரானியப் படம், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மதியம் இரண்டு பீரியடை எடுத்துக்கொண்டு, பிரேக்கையும் கொஞ்சம் தின்றுவிட்டோம். தங்கையின் ஷூவை அண்ணன் தொலைத்துவிடுவான். ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருவரும் பள்ளிக்கு ஓடுவார்கள். மூன்றாவதாக வந்தால் ஷூ பரிசு என்று அவன் ஓட்டப் பந்தயத்தில் ஓடி, தவறிப்போய் முதலாவதாக வந்துவிடுவான். முதலாவது வந்ததற்கு ஒருவன் அழுவதைப் பார்த்து எங்கள் பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தான், படமும் முடிந்தது. “இவ்வளவுதானா டீச்சர்?” என்று ஒரே கூச்சல்.

அப்போது ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். வருகைப் பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்பதே அவளிடமிருந்து காற்றாகத்தான் வரும். “அவங்க அப்பா சைக்கிள்ல ஷூ இருந்துச்சு” என்றாள். யாரும் நம்பவில்லை. பின்னால் ஓட்டிப் போட்டோம். சைக்கிள் வந்தது. சில நொடிதான், இரண்டு ஜோடி ஷூ. முதல் நாள் ராத்திரி முழுவதும் பார்த்த நானே அதைக் கவனித்திருக்கவில்லை. மறுபடியும் போடச் சொன்னார்கள், அப்புறம் இன்னொரு முறை. வாசலில் ஆட்டோ அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப்பள்ளித் தமிழாசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.